வெள்ளிச் சுரங்கத்துக்கு எண்ணூறு டி-ஷர்ட்

வேல்குமாரின் பனியன் கம்பெனிக்கு ஒரு வெள்ளிச் சுரங்கத்திலிருந்து ஆர்டர் வந்தது. மெக்சிகோ மலைக்குள் சின்னச் சுரங்கம். உற்பத்தியை மூன்று மடங்காக்கப் போகிறார்களாம். அதற்காகப் பங்கு விற்றுப் பணம் திரட்டுகிறார்களாம். எண்ணூறு வெள்ளை டி-ஷர்ட், நெஞ்சில் கடப்பாரைப் படம். சைஸ் விவரம் கேட்கப் போன் போட்ட வேல்குமார், பேச்சு முடிவதற்குள் தானும் பங்கு வாங்குவதாகச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது இருபது லட்சம். அவிநாசி ரோட்டு ஷெட்டில் இரண்டாவது லைன் போட, தையல் மெஷின் வாங்க ஒதுக்கிய பணம் அது.

அந்த லைனுக்கு ரோஸ்மேரிதான் சூப்பர்வைசர் என்று பொங்கலுக்கே சொல்லியாகிவிட்டது. சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து, பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நின்றே வேலை பார்த்தவள். ஊரில் அம்மாவுக்கும் சொல்லிவிட்டாள். மெஷின் பணம் மெக்சிகோ போகிறது என்று கேள்விப்பட்டதும் ஆர்டர் தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்தாள்.

“மொதலாளி, இதுல மீடியம் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் டபுள் எக்ஸெல், அதுக்கும் மேல. குழிக்குள்ள குனிஞ்சு போறவன் இந்தச் சைஸ்லயா இருப்பான்?”

“அந்த ஊரு ஆளுக மலையாட்ட இருப்பாங்க ரோஸ்மேரி.”

“போன வருசம் அதே நாட்டு குடோன் ஆளுகளுக்குத் தச்சமே, பாதிக்கு மேல ஸ்மாலு. அதுவும் வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு எவன் மண்ணு வெட்டுவான்?”

வேல்குமாருக்கும் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே போனில் கேட்டார். அந்தப் பக்கம் பேசியவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. சுரங்கத்தில் இப்போதைக்கு இரண்டு இன்ஜினியர்களும் ஒரு வாட்ச்மேனும்தான். பணம் சேர்ந்த பிறகு ஆள் எடுப்பார்கள். சட்டையெல்லாம் பங்கு வாங்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு.

மறுநாள் வேல்குமார் ரோஸ்மேரியைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். அவள் சந்தேகம் கிளப்பியது நல்லதாகப் போயிற்றாம்.

“எண்ணூறு பேரு பணத்தத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. அத்தனை பேருமா ஏமாளியா இருப்பாங்க?”

இருபது லட்சமும் அன்றே போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் ரோஸ்மேரி செக்கிங் டேபிளிலேயே நின்றாள். லைன் என்ன ஆச்சு என்று அம்மா கேட்கும்போதெல்லாம் மெஷின் கப்பலில் வருகிறது என்றாள்.

பிறகு அடுத்த ஆர்டர் வந்தது. கூட்டத்தில் நல்ல வசூலாம். இன்னும் ஆறு ஊரில் கூட்டம் போடுகிறார்கள். ஐயாயிரம் சட்டை அவசரம். சரக்கு ஏறிய பிறகு பணம் என்று வழக்கம்போல எழுதப் போன வேல்குமாரை ரோஸ்மேரி தடுத்தாள். பணம் புரளுகிற கம்பெனி, பாதியை முன்பணமாகக் கேளுங்கள் என்றாள். கேட்டார். மூன்றாம் நாள் எட்டு லட்சம் வந்து விழுந்தது.

வேல்குமார் முருகன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

“பாத்தீங்களா ரோஸ்மேரி, போட்டு ரெண்டே மாசம், எட்டு லட்சம் திரும்பிருச்சு. இன்னும் கொஞ்சம் போடலாமாட்ட இருக்குது.”

அவர் போட்ட பணத்திலேயே ஒரு பகுதிதான் சட்டைக்கு முன்பணமாக மெக்சிகோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் வருத்தப்படுவார், வருத்தப்படுகிற முதலாளி மெஷின் வாங்கமாட்டார். ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டாள்.

“நல்ல கம்பெனிதான் மொதலாளி. ஆனா ஐயாயிரத்த ஒரு லைன்ல தைக்க முடியாது. பல்லடம் ரோட்டுல ஒரு யூனிட்ட மூடுறாங்க, எட்டு லட்சத்துக்குப் பதினஞ்சு மெஷின் பேசி வச்சிருக்கேன். வாசல்ல லாரி நிக்குது. நீங்க ஏறுங்க, நான் முன்னால உக்காந்து வழி சொல்றேன்.”