பவானியின் படகுகள் மூழ்கிய இடம்

வண்டூர்க் கடலில் பவானியின் முதல் படகு மூழ்கியபோது அவள் தண்ணீருக்கடியில் நான்கு நிமிடம் இருந்தாள். இரண்டாவது மூழ்கியபோது ஒரு முற்பகல் முழுக்க. மூன்றாவதன்போது இரண்டு நாள். மூன்றும் புதுப் படகுகள். காற்றே இல்லாத நாளில், படகுத்துறை ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே இடத்தில், இறக்கிய அன்றே மூழ்கின. முதல் தடவை அவளை வலைபோட்டு இழுத்தார்கள்; ஒரு மாதம் குளிக்கவே பயந்தாள். அடுத்த தடவை தானே கரையேறினாள், வீட்டுக்கு வந்து பொழுது சாயும்வரை அழுதாள். மூன்றாம் தடவை, கணவன் பாலமுருகன் மாலை போட்டு மாட்ட அவளுடைய போட்டோவைப் பெரிதாக்க நகரத்து அபர்டீன் பஜாருக்கு பஸ் ஏறிப் போயிருந்தபோது, ஈரச் சேலையோடு சமையலறைக்குள் வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு கடல் மாறியது. மாதத்துக்கு ஒன்றாக ஜெட்டியின் படிகளைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. நீர் வற்றும் நேரத்திலும் திருப்பித் தரவில்லை. மீன்கள் கரையைப் பார்த்து வரிசையாக நின்றன. படகுக்காரர்களில் மூத்தவரான சொக்கலிங்கம், எல்லாம் பவானியின் ராசி என்றார். "இனிமே நீ கடல்ல கால் வைக்காத. சம்ஜா? புரிஞ்சுதா?"

ஜனவரியில் ஒரு காலை, மெயின்லேண்டிலிருந்து தீவைச் சுற்றிப் பார்க்க வந்த பதினொரு பேரோடு சொக்கலிங்கம் ஓட்டிப்போன படகு அதே இடத்தில் மூழ்கியது. தேடிப்போனவர்கள் ஒரு குமிழியைக்கூடப் பார்க்கவில்லை. சேதி கேட்டதும் பவானி அடுப்பை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கினாள். பாலமுருகன் தடுக்கவில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு பேரும் கைகோத்துக் கரையேறினார்கள். கடைசியாகப் பவானி வந்தாள். நடந்ததைச் சொக்கலிங்கம்தான் சொன்னார். கீழே எல்லோரும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொருவர் தோளையும் பிடித்து மணலில் உட்காரவைத்தாள்.

"டரோ மத், பயப்படாதீங்க. முதல்ல பயம் வரும். அப்புறம் அழுகை வரும். அதுவும் தீர்ந்துட்டா நடக்கலாம். மூணு தடவை நான் தோத்த எடம்ங்க இது. எனக்கு வழி தெரியும்."

படிகள் போவது நிற்கவில்லை. கடைசிப் படியும் போன மறுநாள், சொக்கலிங்கம் மனைவி ரெங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு பவானியின் வாசலில் வந்து நின்றார்.

"அன்னிக்கு அப்படிப் பேசினது என் தப்புதாம்மா. நான் ஒரு தடவை முங்கிட்டேன். இவ முங்கல, ஊர்ல மத்தவங்க யாரும் முங்கல. தண்ணி ஊருக்குள்ள வர்றதுக்குள்ள நீதான் பழக்கிவிடணும்."

"முதல் தடவை ரொம்பக் கஷ்டமா இருக்கும், அண்ணே," என்றாள் பவானி.

"தெரியும்மா."

ஏப்ரலில் அவளுடைய நான்காவது படகு இறங்கியது. ரெங்கம்மா முதலில் ஏறினாள், அவளுக்குப் பின்னால் முப்பது பேர். படகு அந்த இடத்துக்குப் போய் நின்றது, மூழ்கியது. கரையில் யாரும் கத்தவில்லை. பாலமுருகன் துண்டுகளை மடித்து வரிசையாக மணலில் வைத்துவிட்டு, அவர்கள் கரையேறும்வரை மூன்று மணி பஸ்ஸைச் சற்று நிறுத்திவைக்கும்படி டிரைவரிடம் சொல்லப் போனான்.