வலி காட்டும் மாடிப்படி

அந்த ஊரின் ஒரே பல் டாக்டரிடம் ஏறிப்போகும் மாடிப்படி, பல் வலிக்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே மற்றவர்கள் பார்ப்பது வெறும் சுவர். வலி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரும் விட்டுவிட்டது. ஏறத்தான் வலி வேண்டும், இறங்க வலி தேவையில்லை. ஆனால் பல் வலி ஒரு கள்ள வலி. டாக்டரிடம் போகப் படியேறத் தொடங்கியதும் நல்ல பிள்ளை போல அடங்கிவிடும், படியும் மறைந்துவிடும். பல்லுக்கு வந்தவர் பாதிப் படியிலிருந்து விழுந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போனதும் உண்டு.

ஒயர்மேனின் மனைவி அந்தப் படியைப் பார்த்ததே இல்லை. காலையிலும் படுக்கப்போகும் முன்பும் ஒரு நாள் தவறாமல் பல் விளக்குகிறவள். தன் பல்வரிசையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒயர்மேனோ ஒயரின் மேலுறையைப் பல்லால் கடித்து உரிக்கிறவர். பையில் கட்டர் இருக்கும், எடுக்கச் சோம்பல். ஒருநாள் கடைவாய்ப் பல் விரிசல் விட்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்புவார். போய்ச் சேருவதற்குள் மாத்திரை வேலை செய்துவிட, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"மாத்திரை போடாம போங்கன்னா கேக்கறீங்களா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"போடாம எப்படி அவ்வளவு தூரம் நடக்கறது?" என்பார் அவர்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் வலி தானாகவே நின்றது. "சரியாயிடுச்சு" என்று சிரிக்கப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. பல்லின் நரம்பு செத்துப்போயிருந்தது. சீழ் மட்டும் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு சீழ்க்கையடித்தது. வெளியூர் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. அவள் அவரைக் கைத்தாங்கலாகச் சுவர்வரை கொண்டுவந்தாள். படி தெரிகிறதா என்று கேட்டதற்கு அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"இங்க பல் வலி யாருக்காவது இருக்கா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள்.

சைக்கிள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நேத்துதாம்மா எனக்குப் புடுங்கினாங்க."

இப்படியே விட்டால் இவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் தோளில் கிடந்த வேலைப் பையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை உருவிக் கடைவாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். முதல் கடிக்குச் செம்பு கசந்தது. அடுத்த கடிக்குப் பல் மளுக்கென்று பிளந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே சிமெண்டுப் படிகள், இரும்புக் கைப்பிடி, மேலே குழல்விளக்கு. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். தனக்குத் தெரியாத படியில் அவர் அவளை நம்பிக் கால் வைத்தார். பாதி வழியில் அவள் வலி மெல்ல அடங்கப் பார்த்தது, காலடியில் சிமெண்டு மங்கி, அதன் வழியே கீழே தெரு தெரிந்தது. பிளந்த பல்லின் மேலேயே பல்லை இறுக்கிக் கடித்தாள். படி கெட்டியானது.

"யாருக்கு வலி?" என்றார் டாக்டர்.

"எனக்கு. முதல்ல இவரப் பாருங்க."

டாக்டர் சீழைக் கீறி வெளியேற்றினார். ஒயர்மேன் முழுமூச்சு விட்ட பிறகுதான் அவள் அழுதாள். அவள் பல்லையும் அடைத்துவிடலாம் என்று டாக்டர் கூப்பிட்டபோது மறுத்துவிட்டாள்.

"இருக்கட்டும் டாக்டர். நாளைக்கு இவர மாதிரி ஒருத்தர் வந்தா யாரு கூட்டிட்டு வருவா?"

டாக்டர் திட்டித் தீர்த்தார். கடைசியில், பல் சொத்தையாகாமலும் வலி முழுதாகப் போகாமலும் ஓரத்தில் கொஞ்சம் விட்டு அடைத்துக் கொடுத்தார். ஒயர்மேன் இப்போது கட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். அவள் பழையபடி இரண்டு வேளையும் பல் விளக்குகிறாள். வலி செத்துப்போனவர்களும், மாத்திரை போட்டுவிட்டு முழிக்கிறவர்களும் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "வலி இருக்காக்கா?" என்று கேட்பார்கள். அவள் ஐஸ் தண்ணீரில் ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு, கையப் புடிச்சுக்கோங்க" என்று முன்னால் நடப்பாள்.