வெறுங்கால் வீம்பு

குதிகால் வலிக்கிறது என்று கோரலி சொன்னதும், பௌல்ஸ் என்ற பந்துருட்டு ஆட்டக் கிளப்பே திரும்பிப் பார்க்கும்படி டெஸ் சிரித்தான். "வலியா? உனக்குத் தோக்கப் பயம்! நொண்டியைக் கேப்டனா வச்சா பண்டாபெர்க் ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்." அன்றே கிளப் ஆட்களைப் பேசி மசியவைத்து அவளை நீக்கிவிட்டுத் தானே கேப்டனானான். பாதி ஆயுளை அந்தப் புல்தரையில் பந்து உருட்டிக் கழித்தவளுக்கு வயிறு எரியாதா? அவன் மூஞ்சியில் கரி பூசாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே நொண்டி நொண்டி வீடு போனாள்.

கால் வைத்தியம் பார்க்கும் பெண் பிட்டுப் பிட்டு வைத்தாள். குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் நார் இறுகிப் புண்ணாகிவிட்டதாம். தூங்கி எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போவது அதனால்தானாம். கட்டிலைவிட்டு இறங்குமுன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கணும், சுவரைத் தள்ளிக் கெண்டைக்காலை நீட்டணும், உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டணும். "வெறுங்காலோட மட்டும் நடந்துடாதீங்க." கிளப் புல்லில் தட்டைக் காலணி, இல்லையென்றால் வெறுங்கால், வேறெதற்கும் அனுமதியில்லை. கோரலி தட்டைக் காலணிக்குள் பாத வளைவைத் தாங்கும் அட்டையைச் செருகிக்கொண்டாள். மாதக்கணக்கில் ஆனாலும் கால் வழிக்கு வந்தது.

ஒற்றையர் போட்டியில் ஜெயிப்பவருக்கே கேப்டன் பதவி என்று கிளப் முடிவெடுத்தது. இறுதி ஆட்டத்துக்கு அவளும் டெஸ்ஸும் வந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில்தான் டெஸ் குதிகாலை ஊன்றும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதைப் பார்த்தாள். வெளியே சொன்னால் மானம் போகுமே! மெத்தென்ற புல் வலியை உறிஞ்சிவிடும் என்ற கிளப் பெருசுகளின் பேச்சை நம்பி, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க வெறுங்காலில் ஆடினான். சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு வாயைப் பூட்டிக்கொண்டாள்.

இறுதி ஆட்டத்தில் பாதியிலேயே அவனால் காலை எட்டிவைக்க முடியவில்லை. பந்துகள் கோணல்மாணலாக ஓடின. படுதோல்வி.

"வெறுங்கால் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றான் டெஸ்.

"சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே!"

"சரி, ஜெயிச்சுட்டல்ல. இப்பவாவது வைத்தியத்தைச் சொல்லும்மா. உயிர் போகுது."

"கேப்டன்னு கூப்பிட்டுக் கேளு."

பீர் கோப்பையோடு கிளப்பே வேடிக்கை பார்த்தது. டெஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேப்டன்... இதுக்கு என்ன செய்யணும்?"

கோரலிக்கு வயிறு குளிர்ந்தது.

"சத்தமா," என்றாள். "அந்தக் கோடிவரைக்கும் கேக்கணும்."