முன்பல்

சிதம்பரத்தில் காதுகுத்து நடக்கவிருந்த சின்ன மண்டபத்தின் கைகழுவும் இடத்துக்கு இளமதி போனபோது, அவள் புருஷனின் கட்டைவிரல் மகளின் வாய்க்குள் இருந்தது. அய்யனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சுவேதாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மறுகை நகத்தால் அவள் முன்பல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கரும்பு வெட்டும் கத்தியில் காய்ந்துபோன பிசுக்கை எப்படிச் சுரண்டுவானோ அதே கவனம். அந்த நகத்தை இளமதிக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்கப் புகையிலைத் தூளைக் கசக்கி உதட்டுக்கடியில் ஒதுக்குகிற நகம் அது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஓரத்துப் பழுப்பு போகாது.

காலையில்தான் பிள்ளையைத் திருப்பாதிரிப்புலியூரில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறி வந்திருந்தாள். ஏழு வயது சுவேதாவுக்குப் பால்பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டிலும், ஈறோரமாக, சுண்ணாம்பு தீற்றியது போல் வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா காற்றடித்து உலர்த்திப் பார்த்தாள். "நல்லவேளம்மா, இன்னும் குழி விழல. மேல்தோல்ல இருக்கற சத்து கரைஞ்சிருக்கு, அவ்ளோதான். மருந்து பூசறேன், சத்து திரும்ப ஏறும். ஓட்டையாயிடுச்சுன்னா அப்புறம் இந்தப் பல்ல யாராலயும் பழையபடி ஆக்க முடியாது." பூசிய மருந்து மஞ்சளாக, பிசின் மாதிரி பல்லோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலைவரை பல் விளக்கக் கூடாது, ராத்திரியில் இனிப்பே கூடாது என்றாள். இளமதி பயபக்தியோடு தலையாட்டினாள்.

பயத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன் அய்யனார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் கரும்பு, டீ, புகையிலை, மறுபடியும் டீ. முன்பற்கள் கறுத்து, ஓரம் உதிர்ந்து, வாயைத் திறந்தால் புளித்த சாறும் புகையிலையும் கலந்த வாடை. கல்யாணமான புதிதில் இளமதி முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பாயையே தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வாய் மகளுக்கு வந்துவிடக் கூடாது. அவனோ வீடு திரும்பும்போதெல்லாம் ஒரு கரும்போடு வருவான். கரும்பு கடித்தால்தான் பல் சுத்தமாகும், உறுதியாகும் என்பது அவன் குடும்பத்தில் எல்லோருக்கும் தீர்ந்த முடிவு. பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போகும்.

"இன்னா பண்றீங்க?"

"ஒன்னுமில்ல. புள்ள பல்லுல அழுக்கா இருக்குதுன்னு அமிர்தம் சொல்லுச்சு." அமிர்தம் அவன் தங்கை. அவள் மகனுக்குத்தான் இன்று காதுகுத்து, அய்யனார் தாய்மாமன். சீர்த்தட்டோடு முன்னால் நடக்கப்போவது சுவேதா. "போட்டோ புடிக்கிறாங்கல்ல. நம்ம புள்ள சிரிச்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அது மருந்துங்க. போன்லயே சொன்னனா இல்லியா?"

"சொன்ன. மருந்துதான் காலைலயே உள்ள எறங்கியிருக்குமே. மேல நிக்கிறது கசடுதான?"

அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு விரலைப் புதுவேட்டியில் துடைத்தான். எச்சிலோடு மஞ்சள் பிசிறு வேட்டியில் அப்பியது. சுவேதாவின் உதடுகள் பிளந்தபடி இருந்தன. மோவாயில் எச்சில் வழிந்தது, ஈறில் பொட்டாக ரத்தம்.

"ச்சீ!" என்றாள் இளமதி. எட்டு வருஷத்து அருவருப்பு மொத்தமாக வெளியே வந்தது. "நாத்தம் புடிச்ச வாயி. பாக்கவே கொமட்டுது."

சொன்னது அவனை. ஆனால் சொல்லும்போது அவள் கண் பிள்ளையின் வாயில் இருந்தது.

அய்யனார் எழுந்து நின்றான். அவள் மகளின் முன்னால் மண்டியிட்டாள். "ஆ காட்டு பாப்பா. மருந்து எவ்ளோ ஒட்டியிருக்குன்னு அம்மா பாக்கறேன்."

சுவேதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாம். நாத்தம் அடிக்கும்."

"உன்னச் சொல்லலடி தங்கம். அப்பாவத்தான் சொன்னேன்."

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. திங்கட்கிழமை போனால் டாக்டரம்மா மறுபடி பூசிவிடுவாள். அதற்கு இவள் வாயைத் திறக்க வேண்டும். இளமதிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மேளம் கிளம்பியது. அமிர்தம் ஓடிவந்து, "அண்ணி, நேரமாவுது வாங்க" என்று சுவேதாவின் கையில் தட்டைத் திணித்து இழுத்துப்போனாள். வாசலில் போட்டோக்காரர் முழங்காலை மடித்து உட்கார்ந்து, "பாப்பா, இங்க பாரு, எங்க, ஒரு சிரிப்பு" என்றார். அவர் பின்னால் யாரோ கோமாளித்தனம் செய்ய, சுவேதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று தட்டை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் வாயை மூடிக்கொண்டாள். தட்டு சாய்ந்தது; ஆப்பிள்கள் ஒவ்வொன்றாகப் படியில் உருண்டன. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை. பக்கத்தில், மாலையும் கழுத்துமாக, அய்யனார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றான்.