கேள்விக்காரரின் கடைசி நேரலை

ஊரே அவரைக் கேள்விக்காரர் என்றுதான் சொல்லும். தொலைக்காட்சியில் மாலை நேரப் பேட்டி அவருடையது. எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. என்றைக்கோ எங்கேயோ அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்து முன்னால் வைத்து மடக்குவார். பேட்டி முடிந்து ஒப்பனை அறையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "இந்த மனுஷனுக்கு எதுவுமே மறக்காதா?" என்று புலம்பிவிட்டுப் போன மந்திரிகள் உண்டு.

நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அவருடைய தங்கை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில், மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் பேசுவது அண்ணன் காதில் செருகியிருக்கும் சின்னக் கருவியில் மட்டும் கேட்கும். "இன்னும் ரெண்டு நிமிஷம்", "விளம்பரம் வருது" என்பதற்கு மேல் பல வருஷமாக அவளுக்கு வேலை இருந்ததில்லை.

கொஞ்ச காலமாகத்தான் பேச வேண்டியிருந்தது. முதலில் ஒரு விருந்தினரின் பெயரை எடுத்துக் கொடுத்தாள். பிறகு தேதிகள். பிறகு முழுக் கேள்விகளே. அவள் சொல்லச் சொல்ல, அவர் அதே நிதானத்தோடு திருப்பிச் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தனியாக விசாரித்தால், "ராத்திரி தூக்கம் சரியில்ல, வேற என்ன?" என்று எரிந்து விழுவார். அவளும் அதையே நம்ப ஆசைப்பட்டாள். தேர்தல் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தள்ளிப் போட்டாள்.

அன்றைக்கு நேரலை தொடங்கக் கொஞ்சம் முன்னால் அண்ணி போன் செய்தாள்.

"இன்னிக்கு அவரை உக்கார வைக்காத."

"என்ன ஆச்சு அண்ணி?"

"காலையில ஷேவ் பண்ணிக்கிட்டே, 'அப்பா எப்ப வருவார்'னு கேட்டார். மாமா தவறிப்போய் எத்தன வருஷம் ஆச்சு? அதைச் சொன்னா, யாரோ எவரோன்னு என்னை முறைக்கிறார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அண்ணி. இந்த அமைச்சர் சிக்கறதே கஷ்டம். வேற யார் கேட்டாலும் நழுவிடுவார்."

"உனக்கு உன் நிகழ்ச்சி. எனக்கு என் புருஷன்." அண்ணி போனை வைத்துவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் அணையின் மதகுகளைத் திறந்துவிட்டதில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்று அடித்துக்கொண்டு போயிருந்தது. செத்தவர்களின் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அபாயச் சங்கு ஏன் ஊதவில்லை? நீர்வளத் துறை அமைச்சர் எல்லா நிருபர்களுக்கும் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கேள்விக்காரர் முன்னால் உட்கார மறுத்தால் பயந்துவிட்டார் என்று பேச்சு வரும் என்பதால் மட்டுமே வந்திருந்தார்.

தங்கை கண்ணாடி வழியே பார்த்தாள். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. மதகைத் திறக்க உத்தரவிட்டது யார், எந்த அலுவலகத்திலிருந்து என்று படிப்படியாக இறுக்கினார். அமைச்சர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். கட்டுப்பாட்டு அறையில் ஒலிப்பொறியாளர், "இன்னிக்கு ஆள் மாட்டினார்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

"உத்தரவு போட்டது யாரு?" என்றார் கேள்விக்காரர்.

தங்கை மைக்கை நோக்கிக் குனிந்தாள். அதைத்தான் முதலிலேயே கேட்டாகிவிட்டதே.

அமைச்சர் சிரித்தார். "இப்பதானே சொன்னேன்? தலைமைப் பொறியாளர்."

"அண்ணா, அதைக் கேட்டாச்சு. சங்கு ஏன் ஊதலன்னு கேளு" என்றாள் மைக்கில்.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"அண்ணா. சங்கு ஏன் ஊதல? அவ்வளவுதான். கேளு."

"யாரு?" என்றார் அவர், சத்தமாக, நேரலையில்.

"யாரு என்ன?" என்றார் அமைச்சர்.

"யாரோ ஒரு பொம்பள என் காதுல பேசறாங்க."

அமைச்சருக்கு நிமிர்ந்து உட்கார அவ்வளவு போதுமானதாக இருந்தது. "ஓஹோ! அப்ப உங்க கேள்வியெல்லாம் இரவல்தானா? நாடே பாக்குது சார்."

"விளம்பரம் போடு!" என்று கத்திவிட்டுத் தங்கை ஓடினாள்.

அவர் காதுக் கருவியைப் பிடுங்கி எறிந்திருந்தார். சட்டையிலிருந்த மைக் ஒயர் விரலில் சிக்கிக்கொள்ள, அதைப் பாம்பை உதறுவதுபோல உதறினார். "என்னை விடுங்க. அப்பா வெளிய நிக்கறார். திட்டுவார்."

"அண்ணா, நான்தான்."

"நீங்க யாரு?"

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, சிக்கிய ஒயரை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். அமைச்சர் எழுந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"என்ன இங்க வந்து நிக்கற?" என்றார் அண்ணன் திடீரென்று, பழைய குரலில். "உள்ள யாரு பாக்கறா?" பிறகு சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். கீழே கிடந்த கருவியைப் பார்த்தார். "நான் என்ன பண்ணினேன்?"

அதுவரை அவள் அவரிடம் எதையும் உடைத்துப் பேசியதில்லை. "என் குரலே உனக்கு அடையாளம் தெரியல அண்ணா. எல்லாரும் பாத்துட்டாங்க. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. நான்தான் காதுல சொல்லிச் சொல்லி மூடி வச்சேன்."

அவர் குனிந்து, கீழே கிடந்த காதுக் கருவியை எடுத்து அவள் கையில் வைத்தார். இடைவேளை கரைந்துகொண்டிருந்தது. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"நீ உக்காரு."

"நானா? கேமரா முன்னாடி நான்..."

"அந்தாளு இப்ப வெளிய போனா இனிமே சிக்க மாட்டான். உக்காருன்னா உக்காரு."

ஒப்பனை இல்லாமல், கலைந்த தலையோடு, கருவியைக் காதில் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். "அவருக்கு உடம்பு சரியில்லை. மீதிக் கேள்விகளை நான் கேக்கறேன்" என்றாள். "அபாயச் சங்கு ஏன் ஊதல?"

"அது பழுது பாக்கப் போயிருந்துச்சும்மா. எதிர்பாராத விபத்து."

அவள் அடுத்ததைத் தேடித் தடுமாறினாள். அப்போது காதில் அண்ணன் குரல் கேட்டது. அவர் கட்டுப்பாட்டு அறையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பலேர்ந்துன்னு கேளு."

"எப்பலேர்ந்து பழுதா இருந்துச்சு?"

அமைச்சர் கண்ணிமைத்தார். "அது... போன வருஷ மழைக்கு அப்புறம்."

"அப்ப ஒரு வருஷமா சங்கு இல்லன்னு தெரிஞ்சேதான் மதகைத் திறந்தீங்க?"

அமைச்சர் காலியான தண்ணீர்க் குவளையை எடுத்து வாயில் வைத்தார். காதில் மறுபடியும், "எப்பலேர்ந்துன்னு கேளு" என்றது குரல். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே. ஒலிப்பொறியாளர் அவர் தோளில் கையை வைத்து மைக்கை அணைக்கும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகம் கோணாமல் பேட்டியை முடித்தாள்.

விசாரணைக்கு உத்தரவானது. ஆனால் அமைச்சர் பதவியில்தான் இருந்தார். மக்கள் கைபேசியில் சுற்றவிட்டது வேறொன்றை: "காதுல பொம்பள." சிரிப்புச் சத்தம் சேர்த்து, பாட்டுப் போட்டு விதவிதமாக வந்தது.

பரிசோதனைகள் முடிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணி ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அன்றைக்குப் பிறகு அண்ணி நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மூளையை நான் ஒரு நாளும் சும்மா விட்டதில்ல டாக்டர். இந்த மறதி நோய் எனக்கு எப்படி வந்துச்சு?"

"இதே நாற்காலியில ஒரு கணக்குப் பேராசிரியர் உக்காந்திருந்தார். ஒரு லாரி டிரைவரும் உக்காந்திருந்தார். ரெண்டு பேரும் இதையேதான் கேட்டாங்க. இது ஆள் பாத்து வர்றதில்ல சார்."

"அடுத்து எது போகும்?"

"அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி..."

"இது பதில் இல்லையே."

அண்ணி அவர் முழங்கையைத் தொட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பேர் போகும். வழி போகும். வீட்டு ஆளுங்க முகமும் ஒரு நாள் போகலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் மெதுவாக்க மருந்து இருக்கு. நிறுத்த இல்ல."

திரும்பும் வழியில் அண்ணி கார் ஓட்டினாள். பின்னாலிருந்து தங்கை, "ஓய்வுன்னு மட்டும் சொல்லிக்கலாம் அண்ணா. நோய்ப் பேரெல்லாம் எதுக்கு?" என்றாள்.

"ஊர் ஊரா உண்மையைக் கேட்டவன் நான். இப்ப மட்டும் மழுப்பச் சொல்றியா? வாய் இருக்கும்போதே நானே கேமரால சொல்லிடறேன்."

"எப்ப?" என்றாள் அண்ணி.

"இன்னிக்கே. நாளைக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ."

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நாத்தனாரைப் பார்த்தாள்.

"உன் ஆபீசுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்? சொல்லு."