சோற்றுக் கையும் நாயனமும்

"ஜம்பு அண்ணை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ. ரெண்டு கையையும் மேசையில வச்சுக்கொண்டு, வாயும் திறக்காமல், ஒரு முழு நாயன கோஷ்டியை நடு ஊர்வலத்தில நிப்பாட்டிக் காட்டுறன்!"

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த ஜம்புநாதன் ஓய்வுபெற்ற பொறியாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். "மைனஸ் நாற்பதுல சட்டை இல்லாம பஸ்ஸுக்கு நின்னேன்னு சொன்னவர்தானே நீங்க?" என்று சிரித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு வரேன். நாயனத்தை நம்ப மாட்டேன்" என்றார்.

அழைத்த விமலநாதனுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. அவருடைய கவலை வேறு: அந்த வித்தையை எப்படிச் செய்வது என்று அவருக்கே இன்னும் தெரியாது.

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மருந்துப் பெட்டி அடுக்கியவர் அவர். ஓய்வு பெற்ற முதல் வருடத்தில், வீட்டில் கிடந்த இசைத்தட்டுகளையும் கசெட்டுகளையும் ஒன்றுவிடாமல் கணினிக்குள் ஏற்றினார். கோயில் நாயனம், வில்லுப்பாட்டு, பழைய வானொலி நாடகம் என்று, இடைவிடாமல் கேட்டாலும் மூன்று பிறவிக்குப் போதும் என்பது அவருடைய கணிப்பு. கணினியை முன்கூடத்தில் வைத்து, ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டோடு இணைத்தார். தேவலோகம்தான். ஆனால் ஒரு பாட்டை மாற்ற வேண்டுமானால் தேவர் எழுந்து பன்னிரண்டு அடி நடக்க வேண்டும். அப்படி நடந்த தூரத்தைச் சேர்த்தால் லவாலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

முதலில் கம்பியில்லா மவுஸ் வாங்கினார். சோபாவிலிருந்து பார்த்தால் திரையில் அதன் அம்பு எறும்பின் கால் அளவுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மவுஸ் சோபா இடுக்கில் விழுந்து தலைமறைவாகிவிட்டது. அடுத்து மடியில் வைக்கும் சின்ன விசைப்பலகை வந்தது. அதன்மேல் மனைவி நல்லம்மா தெரியாமல் உட்கார்ந்தாள். வில்லுப்பாட்டு வீடே அதிரக் கிளம்ப, மேல்மாடியில் குடியிருக்கும் றெனோல்ட் காலுறையோடு இறங்கி ஓடிவந்து, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்தார். கைப்பேசி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் லண்டன் மச்சாள் எடுக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் நாயனக்காரர் மூச்சடைத்து நின்றார். குரலுக்குப் பணியும் பெட்டி ஒன்று வாங்கலாமா என்று கேட்டபோது நல்லம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "நாற்பது வருசமா என்ர குரலையே நீங்கள் கேக்கேல்லை. உங்கட குரலைக் கேக்க ஒரு பெட்டி வேணுமோ?"

கடைசியாக வந்தது டேப்லெட். அழைப்பு வராது, விரலால் தொட்டால் போதும். ஆனால் விமலநாதனுக்கு நாயனம் ருசிப்பது சோற்றோடுதான். வலக்கை சொதியில் மணிக்கட்டுவரை முழுகியிருக்கும், இடக்கையில் அகப்பை. மூக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். மூக்கிலும் தயிர் இருந்தது. நம் வீடுகளில் ரிமோட்டுக்குப் பொலித்தீன் சுற்றுவதுபோல் அதற்கும் சுற்றினார். தொட்டதில் பாதியைத்தான் அது கேட்டது. கண்ணாடியில் ஏறிய மஞ்சளை வழித்தால் இன்னொரு கறி வைக்கலாம்.

"இதுதான் கடைசி," என்றாள் நல்லம்மா. "ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியள் சாப்பிட்டு எழும்பும்வரைக்கும் இந்தச் சாமான் ஒழுங்கா ஓட வேணும். இல்லையெண்டால் கொம்பியூட்டரை நிரோஜா லவாலுக்கு ஏத்திக்கொண்டு போகட்டும். பிள்ளையளுக்காவது உதவும்."

மகள் வீட்டுக்குப் போனால் அது வீடியோ விளையாட்டுக்குத்தான். மூன்று பிறவி நாயனமும் போய்விடும்.

விமலநாதன் இரண்டு நாள் யோசித்தார். கணினிக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? ஒரு விசை அமுங்க வேண்டும், அவ்வளவுதான். அமுக்கியது விரலா, முழங்கையா, யானையா என்று அது கேட்கப்போகிறதா? சோற்றுக்கு வேலையில்லாத உறுப்பு எது என்று உடம்பை மேலிருந்து கீழே ஆராய்ந்தார். பாதத்தில் வந்து நின்றார்.

அன்றே பஸ் ஏறி, புவாண்ட்-கிளேரில் வாத்தியக் கடை ஒன்றுக்குப் போனார். பியானோ வாசிப்பவர்கள் பக்கம் புரட்டுவதற்குக் காலால் அமுக்கும் பெடல் ஒன்று அங்கே இருந்தது. கம்பியில்லாமல் கணினியோடு பேசும். கடைப் பெண் மெலனி, "நீங்கள் என்ன வாத்தியம் வாசிக்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "சோறு," என்றார் விமலநாதன். அது ஏதோ கீழைத்தேச வாத்தியம் என்று நினைத்து அவள் மரியாதையோடு தலையாட்டினாள்.

ஞாயிறு வந்தது. ஜம்புநாதனும் மனைவி சியாமளாவும் பனிச்சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து மேசையில் அமர்ந்தார்கள். விமலநாதன் எதிரே இருந்தார். அவர் முன்பே ஓடவிட்டிருந்த கோயில் ஊர்வல நாயனம் எழுந்தது. மேசைக்கடியில் பெடலைத் தேடிக் காலை நீட்டினார். மெழுகு பூசிய தரை; கால் பட்டதும் பெடல் சறுக்கி எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அவர் குனிவதற்குள் நாயனம் நின்றது. கிளம்பியது. மறுபடி நின்றது. கோஷ்டி முழுவதற்கும் விக்கல் பிடித்த மாதிரி இருந்தது.

"இதுதானா உங்க வித்தை?" என்றார் ஜம்புநாதன், வாயில் சோற்றோடு.

"நான் இன்னும் தொடங்கேல்லை, அண்ணை!"

நல்லம்மா எழுந்து நேரே மின்பிளக்கை நோக்கி நடந்தாள். விமலநாதன் மேசைக்கடியில் தலையை விட்டார். அங்கே, பெடலின்மேல், சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நில்லும், நல்லம்மா! ஜம்பு அண்ணையின்ர கால்!"

காலுறை சட்டென்று நாற்காலிக்கடியில் ஒளிந்தது. "என் காலா? நான் ஒண்ணும் பண்ணலையே."

"கையில தாளம் போடறவர்தான்," என்றாள் சியாமளா. "இன்னிக்குக் கையெல்லாம் சொதி."

"விருந்தாளியின்ர காலில பழி போடுறியளோ?" என்ற நல்லம்மாவின் விரல்கள் பிளக்கைப் பிடித்துவிட்டன.

விமலநாதன் மேசைக்கடியிலிருந்து தலையை எடுத்து நிமிர்ந்தார். இனி அவர் சொல்லை அந்த வீட்டில் யார் நம்புவார்கள்? எதிரே இருந்தவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஜம்புநாதன் தன் கைகளைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். பொறியாளருக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது. மெல்லக் காலை நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினார். நாயனம் நின்றது. இன்னொரு அமுக்கு. விட்ட இடத்திலிருந்து எழுந்தது. முகம் மலர, ஏழு தடவை அமுக்கினார்.

"போதும், கோஷ்டி பாவம்," என்றாள் சியாமளா.

"பிளக்கை விடுங்க, நல்லம்மா," என்றார் ஜம்புநாதன். "மிஷின் மேல தப்பு இல்ல. ரெண்டு கையும் மேசையிலதான் இருந்தது, நான் வாயும் திறக்கல. நடு ஊர்வலத்துல நாயனத்தை நிறுத்தினது நான்தான்."