அனுராதாவுக்கு முருகன் சொன்ன வண்டி

அனுராதா மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறாள் என்ற செய்தி வந்ததும், வாழ்நாளில் சைக்கிள் பெல்லைக்கூடத் தொடாதவர்கள்தான் எங்கள் தெருவில் முதலில் ஆலோசனை சொல்லக் கிளம்பினார்கள். நானும் போனேன். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள்.

அவளுக்குப் பொதட்டூர்பேட்டை லுங்கிக் கம்பெனியில் பில் போடும் வேலை. பஸ் தன் இஷ்டத்துக்கு வரும், முதலாளி தன் இஷ்டத்துக்குத் திட்டுவார். "திங்கக்கிழமையிலிருந்து நேரத்துக்கு வந்தா வா, இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அவளும் சளைக்கவில்லை. எல்.எல்.ஆர். எடுத்தாள், தம்பி வண்டியில் கியர் போடப் பழகினாள், பழைய வண்டி வாங்கி விற்கும் தப்ரேஸிடம் சொல்லிவைத்தாள். அவர் ஒரு கறுப்பு வண்டி கொண்டுவந்து நிறுத்தினார். சின்ன வண்டி. உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு காலும் தரையில் பதிந்தன. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் அவளுக்கு அசோக்குமார் என்றொரு புருஷன் இருக்கிறானே. அரக்கோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன், வண்டியே தேவையில்லாதவன். அதனால் வண்டியைப் பற்றி அவனுக்கு நிறையத் தெரியும்.

"இன்னா அனு, இது பால்காரன் வண்டி மாதிரி கீது" என்றான். "தப்ரேஸ் பாய், அரக்கோணத்துல ஒரு ஆபீசர் மாத்தலாகிப் போறாராமே, அவரோட பெரிய வண்டியைக் கொண்டாங்க."

அந்த வண்டியும் வந்தது. எருமைக்கடா மாதிரி நின்றது. அனுராதா ஏறி உட்கார்ந்தாள். கட்டைவிரல் மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

"கால் எட்டலீங்க."

"போகப் போக எட்டும்."

"முப்பத்திரெண்டு வயசுக்கு மேல காலு வளருமா?"

"அதுவரைக்கும் நான் ஓட்டிப் பழக்கி வைக்கறேன். காலேஜ்ல ஓட்டின கை. மறக்காது."

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அந்தக் கை காய்கறிப் பையைத் தவிர வேறெதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. கேட்கவில்லை. நான் எதையும் கிளறுகிறவள் இல்லை.

இரண்டு நாள் வீட்டுக்குள் சத்தம். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால்தான் கேட்கும், திறந்துதான் வைத்திருந்தேன். கடைசியில் மாமியார் தாயாரம்மாள், "பூக்கட்டிப் போட்டுப் பாத்துடலாம். முருகன் சொல்றதுதான் முடிவு" என்றாள். பிரிக்கிற பொட்டலத்தில் சிவப்புப் பூ வந்தால் பெரியது, வெள்ளை வந்தால் சின்னது. அனுராதாவின் வேலை இப்போது முருகன் கையில்.

சனிக்கிழமை முருகன் கோயில் மலைக்குப் போனோம். சாமி எதைச் சொன்னாலும் அங்கேயே பூஜை போட்டுவிடலாம் என்று தப்ரேஸும் அவர் தம்பியும் இரண்டு வண்டியையும் மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். "எதை வித்தாலும் நமக்கு ஆண்டவன் கொடுத்ததுதான்" என்று தப்ரேஸ் வண்டிகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பொட்டலம் கட்டும் பொறுப்பை அசோக்குமாரே எடுத்துக்கொண்டான். பூக்கடையில் செவ்வரளி வாங்கியதைப் பார்த்தேன். வெள்ளைப் பூ வாங்கியதைப் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் அவன் வாங்கியிருக்கவும் முடியாது.

சன்னதியில் வைத்து எடுத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை அனுராதா பிரித்தாள். சிவப்பு.

"முருகா!" என்று அசோக்குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போயிற்று. மற்ற பொட்டலத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெரிய வண்டிக்கு மாலை, பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தப்ரேஸ் அனுராதாவிடம் சாவியை நீட்டினார். அவள் அதைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"காலேஜ்ல ஓட்டின கை. நீங்களே எடுங்க."

"இங்கியா? கூட்டமா கீதே..."

"ஏறு நைனா, நல்ல நேரம் போவுது" என்றாள் தாயாரம்மாள்.

ஏறினான். வண்டி கிளம்பி ஒரு துள்ளு துள்ளி நின்றது. இன்னொரு துள்ளு. பின்னால் காரில் வந்திருந்த ஆந்திராக்காரர், "தீயண்டி, தீயண்டி!" என்று தெலுங்கில் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார். மூன்றாவது துள்ளலில் வண்டி எலுமிச்சம்பழத்தை விட்டு விலகி, மெதுவாகச் சாய்ந்து, அவனையும் சாய்த்துக்கொண்டு, பூக்காரியின் கூடையில் படுத்தது. அடி ஒன்றும் இல்லை. பார்த்தவர்கள்தான் அதிகம்.

"ஏன்டா நைனா, காலேஜ்ல ஓட்டினேன்னியே?"

"அது... பின்னாடி உக்காந்துகினு போவேம்மா."

தப்ரேஸ் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அனுராதா, "அந்தச் சின்ன வண்டி சாவியக் குடுங்கண்ணே" என்றாள்.

"சாமி உத்தரவ மீறலாமா அனு?" என்றான் அசோக்குமார், வேட்டியில் ஒட்டியிருந்த மல்லிகையைத் தட்டிக்கொண்டே.

"ஒரு பூதானே பாத்தோம். இந்தப் பொட்டலத்தையும் அம்மா கையால பிரிச்சுப் பாத்துடலாமா?"

தாயாரம்மாள் கையை நீட்டினாள்.

"வேணாம், வேணாம்!" என்றான் அவன். "சாமிய ரெண்டு வாட்டி தொந்தரவு பண்ணக்கூடாது. பாய், சின்ன வண்டியே குடுத்துடுங்க."

அவள் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி, கிளட்சை நிதானமாக விட்டு, பெரிய வண்டி விட்டுப்போன எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தாள். தப்ரேஸின் தம்பி கைதட்டினான். தாயாரம்மாள் மருமகளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் 'எல்' போர்டோடு பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பியபோது, அசோக்குமார் துணியால் சீட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்:

"இன்னா அசோக்கு, வண்டி எப்படி?"

"சூப்பர்க்கா. புதுசா பழகறவங்களுக்குச் சின்ன வண்டிதான் சரின்னு நான் அப்பவே சொன்னேன்."